மதுரையை ஒரே நாளில் குடும்பத்தோடு பார்த்துவிட முடியுமா?

கேள்வி, மே 6

நாங்கள் கோவைக்காரர்கள். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள் (10 வயது, 6 வயது), 68 வயது அம்மா. காலை ரயிலில் இறங்கி இரவு ரயிலில் திரும்புகிறோம். வாடகைக் கார் பேசியாயிற்று. பட்டியல்: மீனாட்சி கோயில், திருமலை நாயக்கர் மகால், காந்தி அருங்காட்சியகம், தெப்பக்குளம், திருப்பரங்குன்றம், அழகர்கோவில், பழமுதிர்சோலை, கீழடி, கலைஞர் நூற்றாண்டு நூலகம். ஒன்பது இடம். இடத்துக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தாலும் ஒன்பது மணி நேரம்தானே? மதுரைக்கு மூன்று நாள் வேண்டும் என்கிறவர்கள் லாட்ஜ் வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

மே 6, இரவு 10.40

எனக்கு லாட்ஜ் எதுவும் இல்லை. தெற்கு மாசி வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவன். உங்கள் ஒன்பதில் ஐந்தை இப்போதே அடித்துவிடுங்கள்.

அழகர்கோவில் ஊருக்கு வடக்கே 21 கிலோமீட்டர். பழமுதிர்சோலை அதே மலையின் மேலே. திருப்பரங்குன்றம் தென்மேற்கே 8 கிலோமீட்டர். கீழடி தென்கிழக்கே, சிவகங்கை மாவட்டம். மூன்றும் மூன்று திசை. வரைபடத்தில் பக்கத்தில் தெரியும். மே மாதத்தில் காரில் பின்னால் இரண்டு பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு போனால் தெரியும் தூரம் வேறு.

அதைவிடப் பெரிய சிக்கல் நடை சாத்துவது. மீனாட்சி கோயில் பகல் 12.30-க்குச் சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறக்கும். பரங்குன்றம், அழகர்கோவிலிலும் நடுப்பகலில் சாத்தத்தான் செய்வார்கள். உங்கள் ஒன்பது மணி நேரத்தின் நட்டநடுவில் மூன்றரை மணி நேரம் ஓட்டை.

மே 7, காலை 6.15

ராத்திரி பெரிய மனிதன் போல எழுதிவிட்டுப் படுத்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஓட்டையில் போன வருடம் விழுந்தவனே நான்தான்.

பெங்களூரிலிருந்து அக்கா குடும்பம் வந்திருந்தது. மச்சான், அக்கா, அக்காவின் மாமியார் (நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்), ஒன்பது வயதுப் பெரியவள், ஐந்து வயதுச் சின்னவன். மச்சானும் உங்களைப் போலவே ஒரு பட்டியல் கொண்டுவந்திருந்தார். நேரம் போட்டு, அச்சடித்து, இரண்டு பிரதி. "மாப்பிள்ளை, எட்டு மணிக்குப் புறப்படுகிறோம்" என்றார். எட்டு மணிக்குச் சின்னவன் கட்டிலுக்கு அடியில் இருந்தான். ஒன்பதே முக்காலுக்குப் புறப்பட்டோம்.

பட்டியலில் முதலில் கோயில். நான்தான் அதை மாற்றினேன். "காலையில் கோயிலில் கூட்டம், முதலில் மகாலைப் பார்த்துவிடுவோம், அது ஒன்பதுக்கே திறந்துவிடும்" என்று உள்ளூர்க்காரன் பெருமையோடு சொன்னேன். மகாலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. கோயிலுக்கு வந்து செருப்பை விட்டு, கைபேசிகளைக் கொடுத்து டோக்கன் வாங்கி, சோதனை வரிசையைத் தாண்டி உள்ளே நுழையும்போது மணி 11.50. ஐம்பத்திரண்டு வயது வரை இந்த ஊரில் இருந்தவனுக்குப் பன்னிரண்டரைக்கு நடை சாத்துவார்கள் என்பது அந்த நிமிடத்தில்தான் நினைவுக்கு வந்தது. தினமும் பார்க்கிற கோயில் என்பதால் அதற்கு நேரம் உண்டு என்பதே மறந்துபோகிறது.

மே 7, பகல் 1.30 (சாப்பாட்டு இடைவேளை)

மீதி.

அக்காவும் அத்தையும் தரிசன வரிசைக்கு ஓடினார்கள். அத்தை ஓடினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. முழங்கால் வலி, ஒரு கையால் அக்காவின் தோளையும் மறு கையால் தூண்களையும் பிடித்துக்கொண்டு போனார். அம்மனைப் பார்த்துவிட்டார். சுவாமி சன்னதிக்கு வருவதற்குள் நேரமாகிவிட்டது, நாலு மணிக்கு மேல் வரச் சொல்லிவிட்டார்கள். வெளியே வந்து என்னைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்: "தம்பி, பாதிக் கல்யாணம் பார்த்தேன்." அது போதும், ஒரு வருடமாகக் காதில் இருக்கிறது.

பிள்ளைகளை நான் ஆயிரங்கால் மண்டபத்துக்குக் கூட்டிப்போனேன். மச்சான் கைபேசி இல்லாமல் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் வந்தார். பெரியவளிடம் வாய் தவறி, "ஆயிரம் என்பது பேருக்குத்தான், 985 தூண்கள்" என்று சொல்லிவிட்டேன். உடனே எண்ணத் தொடங்கிவிட்டாள். 1569-இல் அரியநாத முதலியார் கட்டியது என்று நான் ஆரம்பித்தால், "மாமா, பேசாதீர்கள், எண் போய்விடும்" என்கிறாள். வரிசை வரிசையாகப் போகிறாள். கண்காட்சிப் பெட்டிகளுக்குப் பின்னால் நிற்கும் தூண்களை எட்டிப் பார்க்கிறாள், குனிந்து பார்க்கிறாள். 217 வந்தபோது காவலர் வந்து எல்லோரும் வெளியேற வேண்டும் என்றார். கல்லைக் கையால் தொட்டுக்கொண்டே நின்றாள், விட்டால் எண் மறந்துவிடும் என்பது போல.

மே 7, இரவு

ஒருவர் கேட்டிருக்கிறார்: மீதி 15 தூண்கள் எங்கே? அந்த இடத்தை உள்ளே இருக்கும் சன்னதி எடுத்துக்கொண்டது என்பார்கள்.

மே 8

கைபேசி கொண்டுபோக முடியாதா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். முடியாது. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்ததே, அந்த வருடத்திலிருந்து தடை. காரிலேயே வைத்துவிட்டு வருவது நல்லது; ஒப்படைக்க ஒரு வரிசை, திரும்ப வாங்க ஒரு வரிசை என்று அரை மணி நேரம் மிச்சம். கோபுரத்தை வெளியே சித்திரை வீதியில் நின்று எத்தனை படம் வேண்டுமானாலும் எடுங்கள். தெற்குக் கோபுரம்தான் எல்லாவற்றிலும் உயரம், 1559-இல் கட்டியது.

இன்னொன்று, கால். மே மாதப் பகலில் கோயில் வெளிப்பிராகாரத்துக் கல் சுடும். தென்னைநார் விரிப்பு போட்டிருப்பார்கள், வெள்ளைச் சாயமும் அடித்திருப்பார்கள். பெரியவர்கள் விரிப்பில் நடப்போம். பிள்ளைகள் நடக்க மாட்டார்கள். சின்னவன் விரிப்பு முடிகிற இடத்தில் நின்று ஒரு காலை இன்னொரு கால் மேல் வைத்துக்கொண்டு, "மாமா, தூக்கு" என்று இரண்டு கையையும் நீட்டினான். அன்று முழுவதும் அவனை இறக்கவே இல்லை. பட்டியல் போடுகிறவர்கள் இதையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஐந்து வயது, 17 கிலோ.

மே 9

மகாலைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை என்கிறார் கோவை நண்பர். சொல்கிறேன்.

1636-இல் திருமலை நாயக்கர் கட்டியது. இப்போது நிற்பது பழைய அரண்மனையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. பேரன் சொக்கநாத நாயக்கர் திருச்சிக்குத் தலைநகரை மாற்றியபோது பெயர்த்துக்கொண்டு போனது போக மிச்சம். அதுவும் சரிந்து கிடந்ததை 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பழுதுபார்க்க வைத்தார். கல்தூண் என்று நினைத்துத்தான் எல்லோரும் தட்டிப் பார்க்கிறார்கள். அந்தப் பெருந்தூண்களெல்லாம் செங்கல்லும் சுண்ணமும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சாந்து பூசிய மெருகு.

பிள்ளைகளுக்கு இந்த வருடமெல்லாம் வேண்டாம். ஒரு தூணை எத்தனை பேர் கைகோத்தால் கட்டிப் பிடிக்கலாம் என்று மட்டும் கேளுங்கள். நாங்கள் நான்கு பேர் கோத்தோம்: நான், மச்சான், அக்கா, பெரியவள். தூணுக்கு மறுபக்கம் யாரோ என் விரலைப் பிடித்தார்கள், அது அக்கா என்று நினைத்தேன், மச்சான். இருபது வருடத்தில் நாங்கள் கைகோத்தது அது ஒருமுறைதான். தூணில் ஆணியால் கீறிய பெயர்கள் கண்ணுக்கு எதிரே இருந்தன. இதயம், அம்பு, தேதி. சுண்ணத்தில் கீறினால் அழியவே அழியாது என்பது கீறினவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

மேலே புறாக்கள். தொப்பி போட்டுக்கொண்டு போங்கள், வெயிலுக்காக இல்லை.

மே 10

திருத்தம். முதல் குறிப்பில் ஐந்தை அடிக்கச் சொன்னேன், எந்த நான்கை வைத்துக்கொள்வது என்று சொல்லவில்லை. யோசித்ததில் மூன்றுதான் வருகிறது: மகால், கோயில், தெப்பக்குளம்.

மூன்றும் ஒரே கதை. மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் வெட்டினார்கள், வெட்டிய பள்ளத்தில் ஒரு பெரிய பிள்ளையார் கிடைத்தார், அவரைக் கோயிலில் கொண்டுபோய் வைத்தார்கள், பள்ளத்தைக் குளமாக்கினார்கள். அந்தப் பிள்ளையார்தான் அம்மன் சன்னதியிலிருந்து சுவாமி சன்னதிக்குப் போகிற வழியில் இருக்கும் முக்குறுணி விநாயகர். இதைக் காலையில் மகாலில் தொடங்கி மாலையில் குளக்கரையில் முடித்தால் பிள்ளைகள் கூடவே வருவார்கள். தனித்தனியாகக் காட்டினால் கட்டடம், கட்டடம், தண்ணீர்.

சதுர்த்திக்கு அவருக்கு 18 படி அரிசியில் ஒரே ஒரு கொழுக்கட்டை செய்வார்கள் என்று சின்னவனிடம் சொன்னேன். தோளில் இருந்தபடியே கேட்டான்: "எந்தப் பாத்திரத்தில் வேக வைப்பார்கள்?" தெரிந்தவர்கள் எழுதுங்கள், எனக்கு இன்னும் கடன் இருக்கிறது.

மே 10, இரவு

மாட்டிக்கொண்டேன். ஒருவர் எழுதுகிறார்: மகால் 1636, தெப்பக்குளம் 1645. ஒன்பது வருடம் கழித்து வெட்டிய மண்ணில் ஒன்பது வருடம் முன்பு எப்படிச் செங்கல் அறுத்தார்கள்?

கணக்கு எழுதுகிறவனைக் கணக்கில் பிடித்துவிட்டீர்கள். பள்ளம் முதலில், படித்துறையும் மைய மண்டபமும் பிறகு என்று சமாதானம் சொல்லலாம். மகால் ஒரே வருடத்தில் முடிந்திருக்காது என்றும் சொல்லலாம். செங்கல் கதை ஊர்ச் சொல்வழக்கு என்று போட்டிருக்க வேண்டும், போடவில்லை. ஆனால் பிள்ளைகளிடம் அப்படியே சொல்லுங்கள். பத்து வயதில் உங்கள் மகளே கேட்டால் கொண்டாடுங்கள்.

மே 11

ஜிகர்தண்டா எந்தக் கடை என்ற சண்டைக்கு நான் வரவில்லை. பேர் சொன்னால் இந்த இழை அதோடு முடிந்தது. நல்லதா என்று பார்க்கும் விதத்தை மட்டும் சொல்கிறேன். கீழே பாதாம் பிசினோ கடற்பாசியோ கண்ணாடிபோல நிற்க வேண்டும், நன்னாரி சர்பத் அதன் மேல் படிந்திருக்க வேண்டும், பால் சுண்டக் காய்ச்சிய பழுப்பு நிறத்தில் இருக்க வேண்டும். வெள்ளைவெளேர் என்றிருந்தால் காசைக் கொடுத்துவிட்டு நகருங்கள். மேலே ஐஸ்கிரீம். கலக்காமல் குடிக்கிறவர்கள் வெளியூர்.

அத்தை "எனக்குச் சளி பிடிக்கும்" என்று சொல்லிவிட்டு மச்சானின் தம்ளரில் பாதியைக் குடித்தார். காலையிலிருந்து அவர் சிரித்தது அப்போதுதான்.

மே 11, பிற்பகல்

விளக்குத்தூண் என்ற இடத்துக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்டவருக்கு. நாம் பேச வேண்டியது அது இல்லை என்றாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில்தான் மதுரைக் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். அதற்குள் நெருக்கியடித்துக் கொண்டிருந்த ஊர் அப்போதுதான் கையைக் காலை நீட்டியது. அவர் நினைவுக்கு நட்ட விளக்குக் கம்பம்தான் அது. அந்த வேலையில் இருந்த நில அளவையாளர் மாரெட் பெயரில் மாரட் வீதிகள், பெருமாள் மேஸ்திரி பெயரில் அவர் வீதி. ராஜாக்களுக்கு நடுவில் ஒரு மேஸ்திரிக்கும் வீதி உண்டு என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். வீதிகள் ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று கோயிலைச் சுற்றி ஒன்றுக்கு வெளியே ஒன்றாகப் போகும். வழி தவறினால் கோபுரத்தைப் பார்த்து நடங்கள், கடைசியில் அங்கேதான் போய்ச் சேருவீர்கள்.

மே 13

காந்தி அருங்காட்சியகத்தைப் பட்டியலிலிருந்து தூக்கியதற்கு ஒரு ஆசிரியர் கோபித்திருக்கிறார். நியாயமான கோபம். ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனை, 1959-இல் நேரு திறந்து வைத்தது, காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த துணியின் இரத்தக் கறை படிந்த துண்டு உள்ளே இருக்கிறது. என் தயக்கமும் அந்தத் துணிதான். ஐந்து வயதுக்காரன் முன்னால் நின்று "இது என்ன?" என்று கேட்டால் எங்கிருந்து தொடங்குவது? பத்து வயதுக்குத் தாராளமாகக் காட்டலாம்.

ஜவுளிக்கடைக்காரன் என்ற முறையில் ஒன்று. காந்தி அரையாடைக்கு மாறியது 1921 செப்டம்பர் 22, இதே மதுரையில், மேல மாசி வீதி வீட்டில். அந்தக் கட்டடத்தில் இப்போது கதர்க் கடை. கோயிலிலிருந்து நடை தூரம், நுழைவுச்சீட்டு கிடையாது. அருங்காட்சியகத்துக்குப் போக நேரமில்லாதவர்கள் இந்தக் கதர்க் கடை வாசலில் ஐந்து நிமிடம் நிற்கலாம்.

மே 14

நடுப்பகல் ஓட்டையை எதை வைத்து அடைப்பது? இரண்டு நாளாக இதே யோசனை. நானே அடித்த கீழடியை நானே திரும்ப எழுத வேண்டியிருக்கிறது.

சாமிக்குத்தான் நடை சாத்துவார்கள்; பானைக்கு யாரும் சாத்துவதில்லை. அகழாய்வில் கிடைத்ததை வைத்திருக்கும் கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்தது, செட்டிநாட்டு வீடுகள் போல ஓடும் முற்றமுமாகக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே நிழல். தந்தத்தில் செய்த பகடை, பேர் கீறிய பானை ஓடு. மகால் தூணில் கீறினவர்களைத் திட்டிய வாயால், 'ஆதன்' என்று ஓட்டில் கீறியவனைப் பார்த்து வியந்துகொண்டு நின்றேன். இரண்டாயிரம் வருடம் பொறுத்திருந்தால் எல்லாம் சரியாகிவிடும் போலிருக்கிறது.

போன வருடம் நாங்கள் அங்கே போகவில்லை. அந்த மூன்றரை மணி நேரம் எங்கள் வீட்டில் மின்விசிறிக்குக் கீழே வரிசையாகப் படுத்துக் கிடந்தோம். அத்தை காலை நீட்டி எண்ணெய் தேய்த்துக்கொண்டார். கீழடிக்கு நான் போனது பிறகு, தனியாக.

மே 15

இல்லை. மறுபடியும் மாற்றுகிறேன். 68 வயது அம்மாவை வைத்துக்கொண்டு நடுப்பகலில் கீழடி வேண்டாம். ரயில் நிலையம் பக்கம் ஓர் அறை, மூன்று மணி நேரத் தூக்கம். அறைக்குக் கொடுக்கிற காசைப் பார்க்காதீர்கள். எங்களுக்கு அன்று வீடு இருந்தது. உங்களுக்கு இல்லை என்பதை யோசிக்காமல் நேற்று எழுதிவிட்டேன். லாட்ஜ்காரன் என்று மறுபடி சந்தேகப்பட்டாலும் சரி.

(அம்மாவுக்குக் கால் நன்றாக இருந்தால் கீழடி.)

மே 16

நாளை வருகிறீர்கள் என்பதால் கடைசி விஷயம்.

சாயங்காலம் தெப்பக்குளத்துக்குப் போனோம். நான் பையனாக இருந்தபோது அதில் தண்ணீர் பார்த்த நாள் குறைவு; உள்ளே இறங்கிக் கிரிக்கெட் விளையாடுவோம், மைய மண்டபத்துப் பக்கம் பந்து போனால் நான்கு ஓட்டம். இப்போது வைகைத் தண்ணீர் நிரம்பி நிற்கிறது. சின்னவன் முதல்முறையாகத் தோளிலிருந்து இறங்கி, கரைச்சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தான். "இதற்குள்ளேயா பிள்ளையார் இருந்தார்?" என்றான். காலையில் சொன்னதை வைத்திருந்திருக்கிறான். மச்சான் பட்டியலை எடுத்துப் பார்த்தார், மடித்தார், சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அத்தையின் மீதிக் கல்யாணத்துக்காக இரவு எட்டுக்குக் கோயிலுக்குத் திரும்பினோம். சுவாமியைப் பார்த்தாயிற்று, முக்குறுணி விநாயகரைப் பார்த்தாயிற்று. பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார்கள், எழுந்திருக்க யாருக்கும் மனமில்லை. அப்படி உட்கார்ந்ததால்தான் பள்ளியறை பூஜை கிடைத்தது. நடை சாத்துவதற்கு முன்னால் சுவாமியின் பாதத்தைப் பல்லக்கில் வைத்து அம்மன் சன்னதிக்குக் கொண்டுபோவார்கள். மேளம், தீவட்டி, சாம்பிராணிப் புகை. பல்லக்கு எங்களை ஒட்டித்தான் போனது. மச்சானின் கை தன்னையறியாமல் சட்டைப் பைக்குப் போனது, கைபேசியைத் தேடி. பட்டியல்தான் இருந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள், அவரும் சிரித்தார். அந்த நாளில் எடுத்த படங்களெல்லாம் மகால் தூணும் ஜிகர்தண்டாவும்தான். இதற்கு ஒரு படமும் இல்லை.

நான் அதைக் கடைசியாகப் பார்த்து எத்தனை வருடம் என்று கேட்காதீர்கள். கோயிலுக்கும் என் வீட்டுக்கும் பத்து நிமிட நடை.

உங்கள் இரவு ரயில் எத்தனை மணிக்கு?

மே 19

கோவை நண்பர் திரும்பிப் போய் எழுதியிருப்பதைப் பார்த்தேன். நான்கு இடம். மகால், கோயில், கதர்க் கடை வாசல், தெப்பக்குளம். பள்ளியறை பார்க்கவில்லை, ரயில் 9.30-க்கு. அம்மா அறையில் நன்றாகத் தூங்கியிருக்கிறார். எங்கள் தூணைக் கட்டிப் பிடிக்க உங்களுக்கு மூன்றரைப் பேர் ஆயிற்று என்கிறீர்கள். வேறு தூணாக இருக்கும், அல்லது உங்கள் குடும்பத்தில் கை நீளம். "மூன்று நாள் வேண்டும் என்று சொன்னவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்" என்பது ரொம்பப் பெரிய வார்த்தை. லாட்ஜ்காரர்கள் யாராவது படித்தால் எடுத்துக்கொள்ளட்டும்.

மே 24

அக்கா நேற்றுப் பேசினாள். அடுத்த வாரம் வருகிறார்கள். பட்டியல் கிடையாதாம், மச்சானே சொன்னாராம். பெரியவளுக்கு மட்டும் ஒரு வேலை பாக்கி: 218-ஆவது தூணிலிருந்து எண்ண வேண்டும். அது எது என்று கேட்டேன். "மாமா, தும்பிக்கை நுனி உடைந்த யாளி இருந்ததே, அதற்கு அடுத்தது. நீங்கள் போய்ப் பார்த்து வையுங்கள்."

இன்று கடை விடுமுறை. காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கி உள்ளே சுற்றிவிட்டு வந்தேன். நுனி உடைந்த யாளி மூன்று இருக்கிறது.